தாமஸ் வாஸ் அலோன்: சுவர் ஏறும்போது ஐந்து பேரில் ஒருத்தர் எப்போதும் கீழேயே நின்றுவிடுகிறார்

செங்கட்டம் கேட்டது:

வணக்கம். வண்ணக் கட்டங்களை ஆள் மாற்றி மாற்றி நகர்த்தும் ‘தாமஸ் வாஸ் அலோன்’ என்ற புதிர் விளையாட்டை ஆடி முடித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

தாமஸ், கிறிஸ், ஜான் என்ற கட்டங்கள் மூன்று மட்டும் இருக்கும் லெவல்களில் தட்டுத்தடுமாறியாவது எல்லோரையும் வெள்ளை வாசல்களுக்குக் கொண்டுசேர்த்துவிட முடிகிறது. கிளேரும் லாராவும் கூட்டத்தில் சேர்ந்த பிறகுதான் சிக்கல். உயரமான சுவர் ஒன்று வந்தால் நாலு பேர் மேலே, ஒருத்தர் கீழே. அந்த ஒருத்தர் பெரும்பாலும் லாரா, இல்லையென்றால் கிளேர். மேலே போனவர்களைத் திரும்பக் கீழே குதிக்கவைத்து மறுபடி முயன்றால் இந்தத் தடவை வேறொருத்தர் மாட்டிக்கொள்கிறார். வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கென்று ஒரு முறை உண்டா?

அடுத்தது தண்ணீர். தண்ணீரில் மிதக்கும் கிளேரின் தலைமேல் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் நடுவழியில் ஒருத்தர் தண்ணீருக்குள் போய்விடுகிறார். ஒவ்வொருவராகக் கடத்தலாம், ஆனால் அதுதான் சரியான வழி என்று தோன்றவில்லை.

கீபோர்டில்தான் ஆடுவது. ஆள் மாற்றும் அவசரத்தில் தவறான ஆள் தாவிவிடுகிறான். கன்ட்ரோலருக்கு மாறினால் இது சரியாகுமா?

குறிப்பிட்ட லெவலின் விடையைச் சொல்லிவிட வேண்டாம். எப்படி யோசிப்பது என்று சொன்னால் போதும்.

படிக்கட்டு எழுதியது:

முதலில் யாரை ஏற்றலாம் என்று யோசிப்பதால்தான் மாட்டிக்கொள்கிறீர்கள். கடைசியாக ஏறப்போவது யார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

காரணம் எளிது. படியாக நிற்பவர் மற்றவர்கள் ஏறிப்போகும்வரை கீழேதான் இருக்க வேண்டும். அவர் ஏறும் நேரத்தில் அவருக்குப் படியாக நிற்க யாராவது மிச்சம் இருக்க வேண்டும், அல்லது அவரே தனியாகத் தாவி ஏறக்கூடியவராக இருக்க வேண்டும். கடைசி ஆளுக்குப் படி கிடையாது. அதனால் கடைசி இடம் எப்போதும் யார் துணையும் இல்லாமல் அந்தச் சுவரை ஏறத் தெரிந்தவருக்குத்தான்.

புதுச் சுவரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் செலவழித்து இதைச் செய்யுங்கள். ஒவ்வொருவரையும் தனியாகச் சுவரை ஒட்டி நிறுத்தித் தாவவிடுங்கள். யார் தாண்டுகிறார், யாருக்கு ஒரு தலை உயரம் குறைகிறது, யார் பாதிக்குமேல் போவதில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் தலைமேல் இன்னொருவர் தாவி ஏற முடிகிறதா என்று சோதியுங்கள். பெரும்பாலான லெவல்களில் நேரக் கணக்கு இல்லை, துரத்துகிற எதிரி இல்லை. சோதனைக்குத் தாராளமாக நேரம் எடுக்கலாம்.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் இதுதான். சிவப்பு தாமஸ் நடுத்தரமாகத் தாவுவான். ஆரஞ்சுச் சதுரம் கிறிஸ் குட்டையன், தாவலும் குட்டை. மஞ்சள் ஜான் நெட்டையன், கூட்டத்தில் அவனளவு யாரும் தாவ மாட்டார்கள். நீலச் சதுரம் கிளேர் பெரிய உடம்பு, மெதுவாக நகர்வாள், தாவலும் சுமார், ஆனால் தண்ணீரில் மிதப்பாள். இளஞ்சிவப்பு லாரா தட்டை. அவள்மேல் வந்து விழுகிறவரைத் துள்ளுமெத்தை மாதிரி மேலே எறிந்துவிடுவாள். அந்தத் துள்ளல் மற்றவர்களுக்குத்தான் பயன்படும், அவளுக்கு உதவாது. லாரா கீழே தங்கிப்போவதற்குக் காரணம் இதுதான்: எல்லோரையும் ஏற்றிவிடும் வேலைக்கு அவள்தான் சுலபம் என்று அவளையே கடைசிவரை நிறுத்திவைக்கிறோம்.

எந்த லெவலையும் கெடுக்காமல் இருக்க ஒரு கற்பனைச் சுவரை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேரும் கீழே. சோதித்துப் பார்த்ததில் தெரிந்தது: ஜான் தனியாக ஏறுகிறான். தாமஸுக்குச் சுவர் எட்டவில்லை, ஆனால் ஜானின் தலைமேல் தாவ முடிகிறது. கிறிஸுக்கு ஜான் எட்டவில்லை, தாமஸ் எட்டுகிறான். லாராவுக்குத் தாமஸும் எட்டவில்லை, கிறிஸ் மட்டும் எட்டுகிறான். கிளேருக்கு லாராவைத் தவிர யார் தலையும் எட்டவில்லை.

இப்போது பின்னாலிருந்து வாருங்கள். கடைசி ஜான், அவனுக்கு யாரும் வேண்டாம். அவனுக்கு முன் ஏறுபவருக்கு ஜான் மட்டும் போதும் என்றிருக்க வேண்டும், அது தாமஸ். அதற்கு முன் தாமஸும் ஜானும் தேவைப்படுகிற கிறிஸ். அதற்கு முன் அந்த மூவரும் படியாகத் தேவைப்படுகிற லாரா. எல்லோருக்கும் முன்னால், லாரா தேவைப்படுகிற கிளேர்.

விடை அப்படியே வந்துவிட்டது. சுவரோரம் லாராவைக் கிடத்தி, கிளேரை அவள்மேல் விழவைத்து மேலே எறியுங்கள். லாராவை விலக்கிவிட்டுச் சுவரை ஒட்டி ஜான், அவனை ஒட்டித் தாமஸ், அவனை ஒட்டிக் கிறிஸ் என்று நிறுத்துங்கள். லாரா மூன்று படியும் ஏறிப் போவாள். அடுத்து கிறிஸ் இரண்டு படி, தாமஸ் ஒரு படி, கடைசியில் ஜான் ஒரே தாவல்.

இதே சுவரில் கிளேரோடு தாமஸையும் கிறிஸையும் முதலிலேயே லாரா வழியாகத் துள்ளவிட்டுப் பாருங்கள். மூன்று பேர் மளமளவென்று மேலே போய்விடுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் லாராவும் ஜானும் மட்டும் கீழே மிஞ்சுவார்கள். ஜானின் தலை லாராவுக்கு எட்டாது. உங்களுக்கு நடப்பது இதுதான். சுலபமாக ஏறக்கூடியவர்களை முதலில் ஏற்றினால், சிரமப்படுகிறவருக்குக் கைகொடுக்க ஆள் இருக்காது.

நீலத்தோணி எழுதியது:

படிக்கட்டு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மேலே ஏறியவர் திரும்பக் கீழே வரவே கூடாது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சில இடங்களில் ஒருவர் மேலே போய் ஒரு சுவிட்சை மிதித்துவிட்டு மறுபடி கீழே குதித்துப் படியாக நிற்பதுதான் வழி. அப்படி ஒரு சுவிட்ச் கண்ணில் பட்டால் பின்னாலிருந்து போடும் கணக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சுவிட்சுக்கு ஒன்று, அது முடிந்து எல்லோரும் பழையபடி கூடியதும் வாசலுக்கு ஒன்று.

வாசலுக்குள் போய் நின்றவரையும் கணக்கில் சேர்க்கலாம். அவர் அங்கேயே பூட்டப்பட்டுவிடுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் வாசலில் இருக்கும்போதுதான் லெவல் முடியும். அதுவரை வாசலில் நிற்பவர் தலைமேல் ஏறிப் போகலாம், தேவைப்பட்டால் அவரையே வெளியே எடுத்தும் வரலாம். வாசல் ஒவ்வொன்றும் அதற்குரிய ஆளின் வடிவத்தில் வெள்ளைக் கோடாக இருக்கும் என்பதால், லெவல் தொடங்கியதும் வாசல்களைப் பாருங்கள். யார் எங்கே போய் முடிகிறார்கள் என்பதே பாதி வழியைக் காட்டிவிடும். தட்டையான வாசல் உயரத்தில் இருந்தால், லாராவை அங்கே ஏற்ற இந்த லெவலில் எங்கோ ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று அர்த்தம்.

இனி தண்ணீர். கிளேரைத் தவிர யார் அதைத் தொட்டாலும் போச்சு. நீங்கள் மூன்று பேரை ஏற்றிப் போகையில் ஒருவர் விழுவதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது லாரா. அவள் தலைமேல் யாரும் சும்மா நிற்க முடியாது, துள்ளிக்கொண்டே இருப்பார்கள். கிளேர் நகர நகர, துள்ளுகிறவர் கீழே வரும்போது தோணி அந்த இடத்தில் இருக்காது. எந்த அடுக்கிலும் லாராதான் உச்சியில் இருக்க வேண்டும். கிளேர்மேல் தாமஸ், தாமஸ்மேல் லாரா என்றால் சரி. கிளேர்மேல் லாரா, லாராமேல் கிறிஸ் என்றால் கிறிஸ் தண்ணீரில்.

இரண்டாவது கூரை. தண்ணீருக்கு மேலே எங்காவது கூரை தாழ்ந்து வந்தால், அடுக்கின் உச்சியில் இருப்பவர் அதில் இடித்து அங்கேயே நின்றுவிடுவார். கிளேர் அடியிலிருந்து நழுவிப் போய்விடுவாள். கிளம்புமுன் கிளேரைத் தனியாக ஒருமுறை அக்கரைவரை அனுப்பி, கூரை எங்கே தாழ்கிறது, அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கிறிஸும் லாராவும் குட்டை, தாழ்ந்த கூரைக்கு ஏற்றவர்கள். ஜான் நின்ற நிலையில் உயரமானவன், அவனைக் கடத்துவதற்குத்தான் கூரை திறந்த வழியோ வேறு பாதையோ இருக்கும்.

மூன்றாவது ஓரம். கிளேரின் தலை அகலமானதுதான், ஆனால் விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டு நிற்பவர் கரையோரத்துக் கட்டையில் பட்டாலே போதும், விழுந்துவிடுவார். அகலமான லாராவை நடுவில் நிறுத்துங்கள், மற்றவர்களை நெருக்கமாக நிறுத்துங்கள். இடம் போதவில்லை என்றால் இரண்டு நடை போவதில் ஒரு குறையும் இல்லை. ஒரே நடையில் ஐந்து பேரையும் கடத்தினால் பரிசு எதுவும் கிடையாது.

தண்ணீரும் சுவரும் அடுத்தடுத்து வரும்போது இன்னொன்று. கிளேர் சுவர் ஏறிவிட்டால் தோணியே ஏறிவிட்டது என்று பொருள். படிக்கட்டு சொன்ன வரிசையில் கிளேர் முதலில் ஏறுகிறாள். அதனால் கடைசி ஆள் இக்கரையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அவளை மேலே அனுப்ப வேண்டும்.

ஊதாச்சதுரம் எழுதியது:

கீபோர்டு பற்றி. ஆள் மாற்ற க்யூ, ஈ இரண்டு கீயும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். நிறையப் பேர் ஈ மட்டுமே அழுத்திப் பழகிவிடுகிறார்கள். ஐந்து பேர் இருக்கும்போது பக்கத்தில் இருக்கிறவனைப் பிடிக்க ஈயை நாலு தடவை தட்டுவதும் க்யூவை ஒரு தடவை தட்டுவதும் ஒன்றுதான். திரையின் கீழ் ஓரத்தில் வரிசையாக நிற்கும் வண்ணக் கட்டங்களைப் பார்த்து, யார் பக்கத்தில் யார் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரில் மேல்விளிம்பின் இரண்டு பொத்தான்கள் அதே வேலையைச் செய்யும். கட்டைவிரல் தாவலிலேயே இருக்கும், ஆள்காட்டி விரல் மாற்றும், அந்த வசதிக்காகக் கன்ட்ரோலர் மேல்.

ஆனால் தவறான ஆள் தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் கருவி இல்லை. முந்தைய ஆள் காற்றில் இருக்கும்போதே அடுத்த ஆளுக்கு மாறுவதுதான். மாறிய நொடியிலிருந்து காற்றில் இருப்பவரை நீங்கள் செலுத்த முடியாது, அவர் போகிற போக்கில் விழுவார். லாராமேல் துள்ளுகிறவர் விஷயத்தில் இது அதிகம் வதைக்கும். கால் கெட்டியான தரையில் பட்டதும் மாறுங்கள். இந்த ஒன்றைப் பழகினாலே பாதித் தடுமாற்றம் போய்விடும்.

லெவல் தொடங்கியதும் யாரையும் நகர்த்தாமல் ஒரு சுற்று எல்லோருக்கும் மாறிப் பாருங்கள். கேமரா அவரவர் இடத்துக்குப் போகும். வேறு வேறு மூலைகளில் ஆட்கள் சிதறிக் கிடக்கும் லெவல்களில் மொத்த அமைப்பும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியும்.

நீங்கள் இன்னும் ஜேம்ஸையும் சாராவையும் சந்தித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பச்சை ஜேம்ஸுக்குப் புவியீர்ப்பு தலைகீழ். கூரைதான் அவனுக்குத் தரை, தாவினால் கீழ்நோக்கி வந்து மறுபடி கூரையில் ஒட்டுவான். கூரையிலிருந்து தொங்கும் கட்டை அவனுக்குச் சுவர். கூரை மேலே குழிந்து போகும் இடம் அவனுக்குப் பள்ளம். கூரையே இல்லாத இடத்தைக் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒழுங்கைக்குள் ஜேம்ஸும் இன்னொருவரும் போகும்போது, இருவர் உயரமும் சேர்த்து ஒழுங்கையின் உயரத்தைவிட அதிகமானால் ஒருவரையொருவர் தாண்ட முடியாது. யார் முன்னே போக வேண்டும் என்று நுழையும் முன்பே முடிவு செய்யுங்கள். உள்ளே போய் மாட்டினால் இருவரையும் திரும்ப வெளியே எடுத்துத்தான் வரிசை மாற்ற முடியும்.

ஊதா நிறச் சாரா காற்றில் இருக்கும்போதே இன்னொரு தடவை தாவுவாள். உயரம் வேண்டுமானால் முதல் தாவலின் உச்சியில் இரண்டாவதை அழுத்துங்கள். அதற்கு முன் அழுத்தினால் முதல் தாவலில் மிச்சமிருக்கும் ஏற்றம் வீணாகும். அகலமான பள்ளத்தைத் தாண்ட வேண்டுமானால் நேர்மாறு: கீழே இறங்க ஆரம்பித்து, கிளம்பிய மட்டத்துக்கு வரும்வரை பொறுத்து அழுத்தினால் காற்றில் இருக்கும் நேரம் கூடும், அதனால் தூரமும் கூடும். சுவர் ஏறும் கணக்கில் சாரா பல இடங்களில் ஜானுக்குப் போட்டியாகக் கடைசி ஆளாக வருவாள், இரண்டு பேரையும் சோதியுங்கள்.

செங்கட்டம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பின்னாலிருந்து வரும் கணக்கு பிடிபட்டுவிட்டது, லாராவை உச்சியில் வைப்பதும். ஒரு இடத்தில் மட்டும் தொந்தரவு. ஜான், தாமஸ், கிறிஸ் என்று படிக்கட்டு கட்டினால், லாரா ஏறிப்போன பிறகு கிறிஸ் தாமஸின் தலையிலிருந்து ஜானின் தலைக்குத் தாவும்போது நடுவில் விழுந்து இருவருக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறான். லாராவுக்கு இது நடப்பதில்லை, கிறிஸுக்கு மட்டும் ஏன்?

இன்னொரு கேள்வி, கொஞ்சம் வேறு மாதிரி. கதை சொல்லும் குரல் வந்துகொண்டே இருக்கிறது. புதிரில் மூழ்கியிருக்கும்போது அதைக் கவனிக்க முடியவில்லை. தவறவிட்டால் புதிருக்கு ஏதாவது நட்டமா?

படிக்கட்டு எழுதியது:

இடைவெளிதான் காரணம். லாரா அகலமானவள், இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவு சந்து இருந்தாலும் பாலம் மாதிரி அதன்மேல் கிடந்துவிடுவாள். கிறிஸின் அகலம் சந்தைவிடக் குறைவு, நேராக உள்ளே இறங்கிவிடுகிறான். உள்ளே விழுந்தால் அங்கிருந்து ஜானின் தலை எட்டாது, தாமஸின் தலைக்குத் திரும்பத் தாவினாலும் மறுபடி அதே சந்தில்தான் விழுவான். தாமஸை ஒரு பக்கம் நகர்த்திக் கிறிஸை விடுவித்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

கட்டும்போது ஜானைச் சுவரில் முட்டும்வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்துங்கள். தாமஸையும் ஜான்மேல் முட்டும்வரை நகர்த்துங்கள், கீயை முன்கூட்டியே விட்டுவிட வேண்டாம். கண்ணுக்கு ஒட்டியிருப்பது போலத் தெரிந்தாலும் ஒரு நூல் இடைவெளி இருக்கும், அது பரவாயில்லை. கிறிஸ் அகலத்துக்குச் சந்து விட்டால்தான் ஆபத்து.

இதற்கு மாறாக, வேண்டுமென்றே சந்து விடுவதும் பயன்படும். தாவலுக்கு ஓடிவர இடம் தேவைப்படும் இடங்களில் படிகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். இந்த விளையாட்டில் அது அபூர்வம்தான், பெரும்பாலும் உயரம்தான் பிரச்சினை, தூரம் இல்லை.

கதைசொல்லி எழுதியது:

குரலைத் தவறவிட்டால் புதிருக்கு நட்டமில்லை, விடை எதையும் அது ஒளித்துவைக்கவில்லை. ஆனாலும் கேளுங்கள் என்றுதான் சொல்வேன், புதிரின் காரணத்துக்காகவே.

இந்த விளையாட்டின் அழகு எங்கே இருக்கிறதென்றால், கண்ணும் இல்லை, வாயும் இல்லை, கைகாலும் இல்லை, வெறும் வண்ணக் கட்டங்கள். அவற்றுக்கு மனம் கொடுப்பது அந்தக் குரல்தான். ஒவ்வொரு கட்டத்தின் மனக்குறையும் அதன் தாவலிலிருந்தே பிறக்கிறது. குட்டையாகத் தாவும் கிறிஸ் எரிச்சல்காரன், எதற்கெடுத்தாலும் இன்னொருத்தன் தலையில் ஏற வேண்டியிருக்கிறதே என்ற கோபம். உயரமாகத் தாவும் ஜானுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள ஆசை. நகரவே சிரமப்படும் கிளேர், தண்ணீர் தன்னை ஒன்றும் செய்யாது என்று கண்டுபிடித்ததும் தன்னைச் சூப்பர் ஹீரோவாக நினைக்க ஆரம்பிக்கிறாள். லாராவின் பயம், தன்மேல் துள்ளி ஏறிப்போனவர்கள் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது. படிக்கட்டு மேலே விளக்கிய தப்பு இருக்கிறதே, எல்லோரையும் ஏற்றிவிட்டு லாரா மட்டும் கீழே நிற்பது, அதையேதான் அவள் பயப்படுகிறாள். குரலைக் கேட்டிருந்தால் லாராவைக் கடைசியில் நிறுத்தத் தோன்றாது. யார் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார் என்பது அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யாமலே பதிந்துவிடும்.

அந்தக் குரல் டேனி வாலஸுடையது. இதற்காக 2013-இல் பிரிட்டனின் பாஃப்டா வீடியோ விளையாட்டு விருதுகளில் நடிப்புக்கான விருது பெற்றார். விளையாட்டை உருவாக்கிய மைக் பிதெல் பிரிட்டனைச் சேர்ந்தவர். 2010-இல் 24 மணி நேரத்தில் ஃப்ளாஷ் மென்பொருளில் செய்த சின்ன விளையாட்டாக இது முதலில் வந்தது. பிறகு வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வு நேரத்தில் வளர்த்தெடுத்து 2012-இல் கணினிக்கு வெளியிட்டார். 2013-இல் பிளேஸ்டேஷனுக்கும் 2014-இல் ஐபேடுக்கும் வந்தது. மொத்தம் 100 லெவல், பத்துப் பத்தாகப் பிரித்திருப்பார். லெவல்கள் சின்னவை என்பதால் ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம் என்று கதை வந்துகொண்டே இருக்கும். டேவிட் ஹவுஸ்டனின் இசையும் சேர்ந்து, ஒரு செவ்வகத்துக்காகத் தொண்டை அடைக்கும் இடங்கள் உண்டு. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை.

யோசிப்பதையும் கேட்பதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியவில்லை என்றால், லெவல் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். குரல் நிற்கும்வரை யாரையும் நகர்த்த வேண்டாம். நகர நகர அடுத்த வசனம் வரும் இடங்களில், வசனம் திரையில் எழுத்தாகவும் ஓடும். அது முடிந்ததும் புதிரைப் பாருங்கள்.

நீலத்தோணி எழுதியது:

இந்த வகை யோசனை பிடித்துப்போனால் அடுத்து ஆட ஒன்று சொல்கிறேன், ‘தி லாஸ்ட் வைக்கிங்ஸ்’. சிலிக்கான் அண்ட் சினாப்ஸ் உருவாக்கி, 1993-இல் இன்டர்ப்ளே வெளியிட்டது. உருவாக்கிய அந்த நிறுவனம்தான் பிறகு பிளிஸார்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மூன்று வைக்கிங் வீரர்களை மாற்றி மாற்றி ஆட வேண்டும். எரிக் ஓடித் தாவுவான், தலையால் முட்டிச் சுவரை உடைப்பான். பேலியோக் கையில் வாளும் வில்லும். ஓலாஃபிடம் கேடயம். அதை முன்னால் பிடித்தால் அம்பைத் தடுக்கும், தலைக்கு மேல் பிடித்தால் மிதந்து இறங்கலாம், எரிக் அதன்மேல் ஏறி நின்று தாவவும் செய்யலாம். மூவரும் உயிரோடு வெளிவாசலுக்கு வந்தால்தான் லெவல் முடியும். ஒருவர் செத்துவிட்டால் அந்த லெவலை முடிக்க வழியில்லை, திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். தாமஸைவிடக் கடுமையானது, ஆனால் பின்னாலிருந்து வரும் கணக்கு அங்கேயும் அப்படியே செல்லும்.

ஹெல்சிங்கியின் ஃப்ரோஸன்பைட் 2009-இல் தந்த ‘ட்ரைன்’ விளையாட்டையும் பலர் இதே வரிசையில் சொல்வார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் முதல் பாகத்தைத் தனியாக ஆடினால் திரையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், மந்திரவாதி நிற்கும் இடத்திலேயே திருடியாகவோ வீரனாகவோ மாறிவிடுவார். ஒருத்தர் கீழே நின்றுவிடும் பிரச்சினையே அங்கே எழாது. கூட்டத்தை நகர்த்தும் சுகம் வேண்டுமென்றால் அதைத் துணையோடு ஆட வேண்டும்.

செங்கட்டம் எழுதியது:

சந்து விஷயம் சரியாகிவிட்டது, ஜானைச் சுவரில் முட்டவைத்ததும் கிறிஸ் விழவில்லை. கடைசியாக ஒன்று. சுவர் ஜானுக்கும் எட்டவில்லை என்றால்? யாருமே தனியாக ஏற முடியாத சுவருக்குக் கடைசி ஆள் யார்?

படிக்கட்டு எழுதியது:

அப்படிப்பட்ட சுவரை ஆட்களை மட்டும் வைத்து எல்லோராலும் ஏற முடியாது. பின்னாலிருந்து போடும் கணக்கு கடைசி ஆளிடமே நின்றுவிட்டால், நகரும் மேடை, சுவிட்ச், சுற்றுவழி, தண்ணீர் மட்டம் ஏறுவது என்று வேறொன்று அந்த லெவலில் இருந்தே ஆக வேண்டும். ஒரே ஒருவரை எப்படியாவது மேலே ஏற்றிவிட்டு, அவரைக் கொண்டு தேடுங்கள். சுவிட்ச் பெரும்பாலும் அந்த ஒருவர் போகக்கூடிய இடத்தில்தான் இருக்கும். மேலே தாழ்ந்த சந்து தெரிந்தால் கிறிஸையோ லாராவையோ அனுப்புங்கள், அகலமான தண்ணீர் தெரிந்தால் கிளேரை.